3080 கார்டுக்குத் தனி கூலர் வாங்கணுமா, இருக்கிற கூலரையே சரிபண்ணலாமா?

ஈசூன்_ஃபிரேம்:

வணக்கம். செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு, 10 ஜிபி, மூணு ஃபேன் மாடல். கேம் ஓடி இருபது நிமிஷத்தில கோர் 79 டிகிரி, ஃபேன் 2600 ஆர்பிஎம். ரூம் கதவைச் சாத்தினாலும் சத்தம் ஹால் வரைக்கும் கேக்குது. வாரண்டி முடிஞ்சாச்சு, அதனால கழட்டுறதுல பயம் இல்ல.

வீடு சிங்கப்பூர்ல வீவக (அரசாங்க அடுக்குமாடி) நாலறை. பகல்ல ஏர்கான் போடுறது இல்ல, ரூம் 30, 31 டிகிரி இருக்கும். கம்ப்யூட்டர் கேஸ் (பெட்டி) மிட் டவர், முன்னால 140 மிமீ ஃபேன் ரெண்டு, பின்னால 120 மிமீ ஒண்ணு.

மூணு வழி யோசிச்சு வச்சிருக்கேன். கேரசல்ல (பழைய பொருள் விக்கிற ஆப்) ஒருத்தர் ராய்ஜின்டெக் மார்ஃபியஸ் ஹீட்சிங்க் 120 வெள்ளிக்குப் போட்டிருக்கார், அதை வாங்குறது ஒண்ணு. கார்டோட பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிட்டு ரெண்டு 120 மிமீ ஃபேனைக் கட்டுறது இன்னொண்ணு. இல்லன்னா ஏதாவது ஏஐஓ (பம்பும் ரேடியேட்டரும் சேந்தே வர்ற) வாட்டர் கூலர். பட்ஜெட் 150 வெள்ளிக்குள்ள. எது பண்ணினா நிஜமா பலன் இருக்கும்?


திருகாணி:

79 என்கிற ஒரே எண்ணை வச்சு எதையும் வாங்காதீங்க தம்பி. எச்டபிள்யூஇன்ஃபோ64 சாஃப்ட்வேர் போட்டு மூணு எண்ணைப் பாருங்க: ஜிபியூ (கார்டோட முக்கிய சிப்) கோர், ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பில அதிகச் சூடான புள்ளி), மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்புக்குள்ள இருக்கிற வெப்பம்). கூடவே வாட், ஃபேன் ஆர்பிஎம், ரூம் வெப்பம். கேமை ஒரே இடத்தில நிறுத்தி 20 நிமிஷம் விட்டுட்டு எடுக்கணும். அஞ்சு நிமிஷத்துல எடுத்த எண்ணுக்கு மதிப்பு இல்ல, ஹீட்சிங்க் இன்னும் சூடேறி முடிச்சிருக்காது.

ஏன் மூணும் வேணும்னா, சூடு வெளிய வர்ற பாதையில நாலு கட்டம் இருக்கு. டையிலிருந்து (ஜிபியூவோட சிலிக்கான் சில்லு) பேஸ்ட் வழியா கூலரோட செம்புத் தகட்டுக்கு. அங்கிருந்து ஹீட்பைப் வழியா அலுமினியத் தகடுகளுக்கு. தகட்டிலிருந்து கேஸுக்குள்ள இருக்கிற காத்துக்கு. கேஸ் காத்து ரூமுக்கு. ஒவ்வொரு கட்டத்திலயும் சில டிகிரி கூடிக்கிட்டே போகும். புது கூலர் நடுவுல இருக்கிற ரெண்டு கட்டத்தைத்தான் மாத்தும். பழுது முதல் கட்டத்திலயோ கடைசிக் கட்டத்திலயோ இருந்தா 120 வெள்ளி வீண்.

கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடைவெளி 10லிருந்து 15 டிகிரின்னா பேஸ்ட் நல்லா இருக்கு. 20 தாண்டினா சந்தேகப்படுங்க. 25ஐத் தொட்டா பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிடுச்சு, இல்ல கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்குன்னு அர்த்தம். மெமரி 110ல தன்னைத்தானே வேகம் குறைச்சுக்கும். நூறுக்கு மேலயே தினம் ஓடுற ஜிடிடிஆர்6எக்ஸ்னா (3080ல இருக்கிற மெமரி வகை) பேட் (மெமரிக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற மெத்தை) காய்ஞ்சிருக்கு, இல்ல சரியா ஒட்டல.

அப்புறம் கேஸ் சோதனை. பக்கக் கதவைக் கழட்டிட்டு அதே கேம், அதே 20 நிமிஷம். அஞ்சு டிகிரிக்கு மேல இறங்கினா கார்டை விட்டுடுங்க, கேஸுக்குள்ள காத்து போதல. ரெண்டு மூணுதான் இறங்குதுன்னா கேஸைக் குறை சொல்ல முடியாது.

ரிவியூ எண்ணோட ஒப்பிட்டுக் கலங்கவும் வேண்டாம். அவங்க 20, 22 டிகிரி ரூம்ல அளக்குறாங்க. உங்க ரூம் 31. எந்தக் கூலரா இருந்தாலும் அந்த ஒன்பது டிகிரி அப்படியே மேல வந்து உக்காரும்.


ஈசூன்_ஃபிரேம்:

எடுத்துட்டேன் அண்ணே. ரூம் 30. கதவு மூடி: கோர் 79, ஹாட்ஸ்பாட் 105, மெமரி 104, 318 வாட், 2600 ஆர்பிஎம். கதவு திறந்து: கோர் 77, ஹாட்ஸ்பாட் 103, மெமரி 102.


திருகாணி:

இடைவெளி 26. கதவு திறந்தும் ரெண்டு டிகிரிதான் இறங்குது. ஆக, கேஸ் குத்தம் இல்ல, தகடுகளும் வேலை செய்யுது. பேஸ்ட்டும் பேடும் போச்சு. கம்பெனி கூலரை வச்சுக்கோங்க. 320 வாட்டுக்குன்னே செஞ்ச கூலர் அது, மெமரி, மின்சாரப் பகுதி எல்லாத்துக்கும் அதுல இடம் விட்டிருக்கும்.

சாதாரண பேஸ்ட் ஏன் இப்படி ஆகுதுன்னா, ஜிபியூ டைக்கு மேல சிபியூ மாதிரி உலோக மூடி கிடையாது. ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் டையும் செம்புத் தகடும் வேற வேற அளவில விரியும், சுருங்கும். நடுவுல இருக்கிற நீர்த்த பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குத் தள்ளப்படும். சிபியூல பேர் வாங்கின இளக்கமான பேஸ்டுங்க ஜிபியூல சில மாசத்திலயே கைவிடுறது இதனாலதான். ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் வாங்குங்க. 0.25 மிமீ தடிமன், 45 டிகிரி வாக்கில இளகி டையை நனைச்சுக்கிட்டு அங்கயே நிக்கும். 3080 டை 628 சதுர மிமீ, ஒரு பக்கம் 25 மிமீ சுமார். ஒவ்வொரு ஓரத்திலயும் 1 மிமீ கூட விட்டு வெட்டினா போதும்.

கழட்டுறதுக்கு முன்னாடி கார்டைப் பத்து நிமிஷம் கேம்ல ஓட்டிட்டு, கம்ப்யூட்டரை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டு, சூடு ஆறுறதுக்குள்ள வெளிய எடுங்க. பழைய பேஸ்ட் இளகி இருந்தா கூலர் சுலபமா விடும். குளிர்ந்த கார்டை இழுத்தா பேட் பிய்யும், சில சமயம் மெமரி சிப்பே போர்டை விட்டுக் கிளம்பும். பின்தகட்டுத் திருகுகளை முதல்ல எடுங்க, டையைச் சுத்தி இருக்கிற நாலு ஸ்பிரிங் திருகைக் கடைசியா எடுங்க. எடுக்கிற வரிசையில ஒரு தாள்ல கார்டு படம் வரைஞ்சு அந்தந்த இடத்திலயே குத்தி வையுங்க, நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும். நீளமான திருகைக் குட்டைத் திருகு இடத்தில போட்டு முறுக்கினா போர்டுக்குள்ள இருக்கிற தடம் அறுந்துடும்.

கூலர் விடலன்னா மெதுவா இடமும் வலமும் திருகி விடுங்க. நடுவுல ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பவே கூடாது. டையைச் சுத்தி கடுகு அளவுக்கு கெப்பாசிட்டருங்க இருக்கும், ஒண்ணு பெயர்ந்தா கார்டு முடிஞ்சுது. கூலர் கொஞ்சம் தூக்கினதும் நிறுத்துங்க. ஃபேன் வயரும் லைட் வயரும் இன்னும் போர்டில மாட்டியிருக்கும். வயரைப் பிடிச்சு இழுக்காம, பிளக்கை ரெண்டு நகத்தால ஆட்டி ஆட்டி எடுங்க.

துடைக்க 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில கிடைக்கிற 70 விழுக்காடு பஞ்சு வேண்டாம், மீதி முப்பதும் தண்ணி.

இப்ப சிக்கலான இடம், மெமரி பேட். தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். ஒரே கார்டில மெமரிக்கு ஒண்ணு, மின்சாரப் பகுதிக்கு ஒண்ணுன்னு இருக்கும். நெட்ல யாரோ சொன்னாங்கன்னு 2 மிமீ வாங்கி, நிஜத்தில 1.5 வேணும்னா, அந்த அரை மிமீ கூலரைத் தூக்கிப் பிடிச்சுக்கும். மெமரி ஜிலுன்னு இருக்கும், டை கொதிக்கும். பேட் மாத்தினதுக்கப்புறம் ஹாட்ஸ்பாட் ஏறிடுச்சுன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். அதனால உங்களுக்கு பேடே வேண்டாம், தெர்மல் புட்டி போடுங்க. அழுத்துற அளவுக்கு நசுங்கிக் கொடுக்கும், தடிமன் கணக்கே தேவையில்ல. ஒரு சிப் 14×12 மிமீ. பழைய பேட் தடிமனைவிட 1 மிமீ கூடுதலா மேடு கட்டி வையுங்க. பத்து சிப்புக்கு 15 கிராம் ஆகும், மின்சாரப் பகுதியையும் சேர்த்தா 50 கிராம் டப்பா தாராளம். விரல்ல ஒட்டாம இருக்க கையுறை போட்டு ஈரத்துணியில தொட்டுக்கோங்க.

மூடும்போது நாலு ஸ்பிரிங் திருகையும் குறுக்கு மறுக்கா, தடவைக்கு அரைச் சுத்து. ஒரு மூலையை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா புட்டி ஒரு பக்கம் வழியும், டை மூலையில அடி வாங்கும்.


அலுமினியத்தகடு:

மேலே திருகாணி சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனாலும் தனிக் கூலர் எதற்கு, யாருக்கு என்பதையும் எழுதி வைக்கலாம், இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது.

மார்ஃபியஸ் மோசமான கூலர் அல்ல. 12 ஹீட்பைப், 360 வாட் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். விசிறி தனியாக வாங்க வேண்டும். பிரச்சினை அது தொடாத இடங்களில். நடுவில் இருக்கும் டையை மட்டுமே அது தொடுகிறது. மெமரிக்கும் மின்சாரப் பகுதிக்கும் ஒட்டுப்பசையோடு சிறு சிறு அலுமினியத் துண்டுகள் தருவார்கள். சாதாரண ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 காலத்துக் கார்டுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜிடிடிஆர்6எக்ஸ் வேறு ஜாதி. அதற்கு ஹீட்பைப்போடு இணைந்த பெரிய தகடு வேண்டும், தபால்தலை அளவுத் துண்டு பற்றாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேஸில் கார்டு குப்புறப் படுத்திருக்கிறது. ஒட்டிய துண்டுகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. 90 டிகிரியில் பசை இளகி ஒரு துண்டு விழுந்தால் அது ஓடும் விசிறியிலோ மதர்போர்டின் மீதோதான் விழும். அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பதை நினைவுபடுத்தத் தேவையில்லை. மின்சாரப் பகுதியில் சிப்பை விட அகலமான துண்டை ஒட்டினால் பக்கத்துக் கெப்பாசிட்டரின் தலையைத் தொடும் அபாயமும் உண்டு. அங்கெல்லாம் முதலில் கேப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்ட வேண்டும்.

ஆர்க்டிக்கின் அக்சலெரோ எக்ஸ்ட்ரீம் 4 இந்த ஒட்டு வேலையைத் தவிர்க்கப் போர்டின் பின்பக்கம் முழுவதும் ஒரு பெரிய ஹீட்சிங்க் வைத்து, மெமரியைப் போர்டு வழியாகவே குளிர்வித்தது. நல்ல யோசனை. ஆனால் போர்டு என்பது கண்ணாடி இழை, வெப்பத்தை அரைமனதோடுதான் விடும். இன்றைய மெமரிக்கு அந்த வழி ஒத்துவராது. 3090 வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல், 12 மெமரி சிப்புகள் பின்பக்கத்திலேயே இருக்கின்றன.

ஏஐஓ பற்றி. என்இசட்எக்ஸ்டி கிராக்கன் ஜி12 போன்ற சட்டத்தில் சிபியூ ஏஐஓவை மாட்டும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதுவும் டையை மட்டும் தொடும் வழிதான். மின்சாரப் பகுதிக்கு ஒரு 92 மிமீ விசிறியை ஊதவிட்டு நம்பிக்கை வைத்தார்கள். 3080க்கு நீர் வழி வேண்டுமென்றால் அல்ஃபகூல் ஐஸ்வுல்ஃப் 2 மாதிரி போர்டு முழுவதையும் மூடும் பிளாக் வேண்டும். அது உங்கள் போர்டு அமைப்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். '3080க்கு' என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. 150 வெள்ளிக்குள் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் தனிக் கூலர் யாருக்கு? ஒற்றை உருளை விசிறி வைத்த ப்ளோவர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு ஸ்லாட்டுக்குள் அடக்கிய மெல்லிய ஹீட்சிங்க்கோடு 200 வாட் சுமக்கும் பழைய கார்டுகளுக்கு. அவற்றில் தகட்டுப் பரப்பே குறைவு, எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டாலும் ஓரளவுக்கு மேல் இறங்காது. வாங்குமுன் டையைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு வெர்னியரால் அளந்து, கூலரின் அளவோடு ஒப்பிடுங்கள். ஹீட்பைப் போகும் பாதையில் உயரமான காயில் எதுவும் முட்டுகிறதா என்றும் பாருங்கள். கேரசலில் பழைய கூலர் வாங்கினால் திருகுப் பொட்டலம் முழுதாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஹீட்சிங்க் இருந்து, நான்கு பித்தளைத் தூண் இல்லையென்றால் அது பேப்பர்வெயிட்.


காத்தாடி:

சத்தம்தானே முதல் புகார்? அதுக்கு ஷ்ரவுட்டை (கார்டோட பிளாஸ்டிக் மூடி) கழட்டிப் பெரிய ஃபேன் கட்டுறதை மிஞ்சின வழி இல்ல, ஆனா பேஸ்ட் வேலை முடிஞ்சதுக்கப்புறம். அதுவரைக்கும் ஃபேன் வாங்காதீங்க.

கார்டோட வர்ற ஃபேன் 85லிருந்து 95 மிமீ விட்டம், தடிமன் ஒரு விரல்தான். காத்தைத் தள்ளணும்னா அதுக்கு வேகமா சுத்துறதைத் தவிர வழி இல்ல. 25 மிமீ தடிமன் உள்ள 120 மிமீ ஃபேன் அதே காத்தைப் பாதி வேகத்தில தள்ளும். ஆர்க்டிக் பி12 உச்சம் 1800 ஆர்பிஎம், நாக்டுவா என்எஃப்-ஏ12×25 உச்சம் 2000. ரெண்டையும் 1200ல வச்சாலே 2600 அலறல் போயிடும். விலை வித்தியாசம் பெருசு. ஹீட்சிங்க் மேல கட்டுறதுக்கு பி12 போதும்னு என் கருத்து, நாக்டுவாதான் வேணும்னா அது ஆசை.

முதல்ல இடத்தை அளங்க. ஒரு ஸ்லாட் 20.32 மிமீ. ஷ்ரவுட் இல்லாம உங்க ஹீட்சிங்க் 40 மிமீ உயரம்னா, 25 சேர்த்தா 65, அதாவது மூணு ஸ்லாட்டைத் தாண்டும். அதுக்கும் கீழ கேஸ் தரைக்கும் ஃபேனுக்கும் நடுவுல குறைஞ்சது 20 மிமீ விடுங்க, இல்லன்னா ஃபேன் தன் வாயை மூடிக்கிட்டு உறிஞ்சும். இடம் இல்லன்னா 15 மிமீ மெல்லிய ஃபேன் இருக்கு, ஆனா அதுக்கு அழுத்தம் குறைவு. பி12 ரெண்டு வச்சா 240 மிமீ மூடும். கார்டு 300 மிமீ நீளம்னா வால் பக்கம் 60 மிமீ காலியா இருக்கும். டை, மெமரி, மின்சாரப் பகுதி இருக்கிற பக்கமாத் தள்ளிக் கட்டுங்க.

சில மாடல்ல ஷ்ரவுட்டே ஹீட்சிங்கைப் பின்தகட்டோட பிடிச்சுக்கிட்டு இருக்கும். கழட்டினா கார்டு தொங்கும். திருகு எங்க இறங்குதுன்னு பாத்துட்டு முடிவெடுங்க.

கட்டுறதுக்கு 2.5 மிமீ ஜிப் டை, ஃபேனுக்கு ரெண்டு. தகடுகளுக்கு நடுவுல நுழைச்சு, ஹீட்பைப் மேல சுத்தி, ஃபேன் ஓட்டையில கோத்து இறுக்குங்க. தகட்டை மட்டும் பிடிச்சு இறுக்கினா அது வளையும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல சந்து இருந்தா காத்து பக்கவாட்டில ஓடிடும், சுத்தி ஒரு வரி ஃபோம் டேப் ஒட்டுங்க. காத்து ஹீட்சிங்க் பக்கம்தான் போகணும். ஃபேனோட சட்டத்தில குறுக்குக் கம்பி இருக்கிற பக்கம் காத்து வெளிய வர்ற பக்கம், அது தகட்டைப் பார்க்கணும்.

வயர்ல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கார்டில இருக்கிற பிளக் சாதாரண ஃபேன் பிளக் இல்ல, சின்னது. நாலு பின் சின்ன பிளக்னா, ஜிபியூ ஃபேன் அடாப்டர்னு ஷாப்பீ ஆன்லைன் கடையில கிடைக்கும். ஆறு பின்னுன்னா ரெண்டு ஃபேனோட வேக வயரும் ஒரே பிளக்ல வருதுன்னு அர்த்தம், மாடலுக்கு மாடல் வரிசை மாறும், கண்ணை மூடிக்கிட்டு மாட்டாதீங்க. மல்டிமீட்டர் இல்லன்னா அந்தப் பக்கமே போகாம, ஃபேனை மதர்போர்டில மாட்டி, ஃபேன்கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல ஜிபியூ ஹாட்ஸ்பாட்டைப் பாத்து சுத்தச் சொல்லுங்க. ஒரே குறை, விண்டோஸ் தொங்கிட்டா ஃபேன் கடைசி வேகத்திலயே நிக்கும். அதனால ஃபேன்கன்ட்ரோல்லயே அந்த ஃபேனுக்கு 50 விழுக்காடு அடிவேகம் வச்சுடுங்க.

அடாப்டர், கேப்டன் டேப், மல்டிமீட்டர் எல்லாத்துக்கும் ஜாலான் புசார்ல சிம் லிம் டவர் போய்ப் பாருங்க. எதிர்ல இருக்கிற சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் கடைங்க. உதிரி பாகம் டவர்லதான்.


ஈசூன்_ஃபிரேம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பிடிஎம் ஷீட்டும் புட்டியும் ஆர்டர் போட்டாச்சு. ஒரு சந்தேகம்: ஷீட்டை ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுத்தான் உரிக்கணும்னு வீடியோல சொல்றாங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அது சரிவருமா?


திருகாணி:

நல்ல கேள்வி. ரூம் 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடுன்னா 25 டிகிரிக்குக் கீழ இருக்கிற எதுமேலயும் நீர் பூக்கும். ஃபிரிட்ஜ்ல இருந்து வர்ற ஷீட் 4 டிகிரி, ஐஸ் காப்பி டம்ளர் மாதிரி வேர்க்கும். ஆனா குளிர வைக்காமயும் முடியாது, 30 டிகிரியில அது சூயிங்கம் மாதிரி ஃபிலிமோட இழுபடும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. ரூம் வெப்பத்திலயே ஃபிலிமோட சேத்து அளவுக்கு வெட்டிக்கோங்க. ஏர்கானை 25ல போட்டு அரை மணி நேரம் ரூமை உலர விடுங்க. வெட்டின துண்டை ஜிப் பையில போட்டு காத்தை அமுக்கி எடுத்துட்டு, ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டில பத்து நிமிஷம். ஃபிரீசர் வேண்டாம், நொறுங்கும். வெளிய எடுத்து வெளி ஃபிலிமை டிஷ்யூவால ஒத்திட்டு, ஒரு பக்கத்தை வெடுக்குன்னு உரிச்சு, உடனே டை மேல வச்சு விரலால அழுத்துங்க. மேல் ஃபிலிமை இப்ப உரிக்காதீங்க. ரெண்டு நிமிஷம் விட்டு, அதுமேல ஒரு சின்ன ஐஸ் பேக்கை டிஷ்யூ சுத்தி பத்து விநாடி வச்சு எடுத்துட்டு உரிங்க. உரிச்சதும் மேல பனி மாதிரி தெரிஞ்சா துடைக்க வேண்டாம், தானே உலரட்டும், அப்புறம் மூடுங்க. மூலையில கொஞ்சம் கிழிஞ்சா அந்தத் துண்டை அதே இடத்தில ஒட்டிடுங்க, இளகும்போது சேந்துக்கும்.

முதல் நாள் எண்ணைப் பாத்து முடிவு கட்டாதீங்க. முழு லோடு ஏத்தி, அணைச்சு, ஆற விட்டு, மறுபடி ஏத்தின்னு நாலஞ்சு தடவை போனாத்தான் அது முழுசாப் படியும்.


மீட்டர்_ரீடிங்:

கூலர் பத்தி எல்லாரும் சொல்லியாச்சு, வாட்டைப் பத்தி யாரும் பேசல. 318 வாட்டையும் எவ்வளவு நல்ல கூலர் போட்டு எடுத்தாலும் அது அந்த ரூம்லதான் கொட்டும். சும்மா உக்காந்திருக்கிற மூணு பேரை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டின மாதிரி. ஏர்கான் அதையும் சேத்து இழுக்கணும்.

வோல்டேஜைக் குறைச்சு ஓட்டலாம், அண்டர்வோல்ட்னு பேரு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல கன்ட்ரோல்-எஃப் அழுத்தினா வோல்டேஜ் கோடு வரும். மொத்தக் கோட்டையும் கீழ இறக்கிட்டு, 850 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1800 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்குங்க, அப்ளை அழுத்துங்க. அதுக்கு வலது பக்கம் தட்டையா வந்திருக்கணும். கேம் கிராஷ் ஆனா 1770, இல்லன்னா 875 மில்லிவோல்ட். 3080ல 250 வாட் பக்கம் வரும், ஃபிரேம் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தினம் நாலு மணி நேரம்னா மாசம் 8 யூனிட் மிச்சம், யூனிட் 30 காசுன்னு வச்சா ரெண்டரை வெள்ளிதான். காசுக்காக இல்ல, ரூம் சூட்டுக்காகப் பண்ணுங்க. இதுக்குச் செலவு சுழியம், முதல்ல பண்ணியிருக்க வேண்டியதும் இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். சாமி ரூமும் கம்ப்யூட்டரும் ஒரே இடத்திலயா? சாம்பிராணிப் புகை, விளக்கு எண்ணெய்க் கரி, சமையல் ஆவி மூணும் தூசியோட சேந்தா தகட்டில பிசின் மாதிரி ஒட்டும், ப்ளோயருக்கு அசையாது. கழட்டுன கையோட ஹீட்சிங்கைத் தனியா எடுத்து, ஃபேன் இல்லாம, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில பெயிண்ட் பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழ காய வையுங்க. தகட்டு இடுக்கில ஒரு சொட்டுத் தண்ணி கூட இருக்கக் கூடாது.


ஈசூன்_ஃபிரேம்:

முடிச்சாச்சு. ரூம் 30, அதே கேம், அண்டர்வோல்ட் பண்ணாம: கோர் 74, ஹாட்ஸ்பாட் 88, மெமரி 94, ஃபேன் 2100. அண்டர்வோல்ட் போட்டதும் 252 வாட், கோர் 68, ஹாட்ஸ்பாட் 80, மெமரி 88, ஃபேன் 1600. ஆனா இப்ப 1600ல ஒரு கரகர சத்தம் கேக்குது. முன்னாடி அலறல்ல இது மறைஞ்சிருந்துச்சு போல. திருகு சரியா இறுக்கலையா?


காத்தாடி:

திருகா ஃபேனா என்று முதல்ல பிரிச்சுப் பாருங்க. கேமை மூடிட்டு ஆஃப்டர்பர்னர்ல ஃபேனைக் கையால 30 விழுக்காட்டில இருந்து அஞ்சஞ்சா ஏத்துங்க. சத்தம் ஒரே ஒரு வேகத்தில மட்டும் வந்து அதுக்கு மேல போயிட்டா, ஷ்ரவுட் அதிருது. திருகைப் பாருங்க, ஷ்ரவுட் ஹீட்சிங்கைத் தொடுற இடத்தில சின்ன ஃபோம் துண்டு வையுங்க. எல்லா வேகத்திலயும் கரகரன்னு இருந்து, வேகத்தோட சேந்து ஏறினா பேரிங்.

எந்த ஃபேன்னு கண்டுபிடிக்க, 30 விழுக்காட்டில பஞ்சுக்குச்சியால ஒவ்வொரு ஃபேனோட நடுக்குமிழையும் மெதுவா அழுத்தி நிறுத்துங்க. இறக்கையைத் தொடாதீங்க. எதை நிறுத்தினா சத்தம் நிக்குதோ அதுதான். நடு ஸ்டிக்கரை உரிச்சு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டா சில வாரம் ஓடும். டபிள்யூடி-40 வேண்டாம், உள்ள மிச்சம் இருக்கிற எண்ணெயையும் கரைச்சுடும்.

மாத்துறதா இருந்தா ஃபேனைத் திருப்பி, குமிழ் ஸ்டிக்கர்ல இருக்கிற மாடல் எண்ணை அப்படியே தேடுங்க. விட்டம், திருகு ஓட்டைகளோட இடைவெளி, பின் எண்ணிக்கை மூணும் ஒத்துப் போகணும். நிறைய மூணு ஃபேன் கார்டில நடு ஃபேன் எதிர்த் திசையில சுத்தும். அதுதான் போயிருக்குன்னா இறக்கை வளைவு எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்து வச்சுட்டு ஆர்டர் போடுங்க. ரெண்டு ஃபேனுக்கு மேல போயிருந்தா மாத்தாதீங்க, பி12 ரெண்டு வாங்கிக் கட்டிடுங்க. 252 வாட்டுக்கு 900 ஆர்பிஎம்ல ஆரம்பிச்சு, ஹாட்ஸ்பாட் 85 தாண்டினா நூறு நூறா ஏத்துங்க.